மூன்று மில்லிமீட்டர்: ஓர் ஊசலும் ஒரு நேர்கோடும்

லண்டனில் நொடி பிசகாமல் ஓடும் ஊசல் கடிகாரம் ஒன்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, சிராங்கூன் சாலைக் கடையொன்றின் சுவரில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஊசல் தண்டு சற்று நீளும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அப்போதும் அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டேகால் நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கும். கடிகாரத்தில் கோளாறு எதுவும் இல்லை. லண்டனில் ஊசலை இழுத்த பூமி, நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைகூட விலகாத சிங்கப்பூரில் அதைக் கொஞ்சம் வலுக் குறைவாக இழுக்கிறது. அவ்வளவுதான்.

இதை முதலில் கண்டவர் ஷான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர். பாரிஸ் அறிவியல் கழகம் அவரைத் தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்கு அனுப்பியிருந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஐந்து பாகை வடக்கே உள்ள இடம் அது. 1672இல் அங்கே அவருடைய ஊசல் கடிகாரம் தினமும் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லச் சரியாக ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளத்தை அவர் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்தார். பாரிஸில் இருந்ததைவிட அது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அளந்ததை அளந்தபடியே எழுதி வைத்தார். 1687இல் வெளியான தம் ‘பிரின்கிப்பியா’வில் நியூட்டன் அந்த அளவை எடுத்தாண்டார். பூமி முழு உருண்டையல்ல, துருவங்களில் தட்டையாகி நடுவில் புடைத்தது என்ற அவருடைய வாதத்துக்கு அது சான்றாக நின்றது.

ரிஷே தம் அளவைப் பாரிஸ் அளவோடு ஒத்துப்போகும்படி ‘சரிசெய்திருந்தால்’ நியூட்டனுக்கு அந்தச் சான்று கிடைத்திருக்காது. பள்ளி ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை செய்து வரைபடம் வரையும் ஒவ்வொரு மாணவரும் இதே இடத்தில்தான் நிற்கிறார். கையில் ஒரு பென்சில், தாளில் சில புள்ளிகள், மனத்தில் பாடப்புத்தக விடை. கோட்டைப் புள்ளிகளைப் பார்த்து வரைவதா, விடையைப் பார்த்து வரைவதா?

விடை தெரிந்த சோதனை

ஊசல் சோதனை தரும் விடை ‘ஜி’ என்ற எண், அதாவது புவியீர்ப்பு முடுக்கம். சிங்கப்பூர் மாணவர்களுக்கு அது இரண்டு வேடங்களில் வருகிறது. சாதாரண நிலை இயற்பியல் கணக்குகளில் அதை 10 என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொடக்கக் கல்லூரிக்குப் போனால் 9.81. உண்மையில் சிங்கப்பூரின் கடல் மட்டத்தில் அதன் மதிப்பு நொடிவர்க்கத்துக்கு ஏறத்தாழ 9.78 மீட்டர். 9.81 என்பது லண்டனுக்கும் பாரிஸுக்கும் பொருந்தும் எண்.

சாதாரண நிலை இயற்பியலில் செய்முறைத் தாளுக்கு மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு உண்டு. அளப்பதும் அட்டவணை போடுவதும் வரைபடம் வரைவதும்தான் அதன் உயிர்நாடி. பீட்டி சாலையில் அலுவலகம் வைத்திருக்கும் சிண்டா போன்ற சமூக அமைப்புகள் நடத்தும் துணைப்பாட வகுப்புகளிலும், தெருவுக்குத் தெரு உள்ள தனியார் வகுப்புகளிலும் நம் பிள்ளைகள் சூத்திரங்களைப் பயிற்சி செய்கிறார்கள். வரைபடத்துக்கோ பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கிறது: அச்சுக்குப் பெயர் எழுது, அலகு எழுது, பாதித் தாளுக்கு மேல் நிரப்பு, பெரிய முக்கோணம் போடு. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் சரிதான். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தவர் பட்டியல் இல்லாமலும் சரியாக வரைவார்.

நான் தமிழ்நாட்டில் படித்த காலத்தில், ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே எங்களுக்கு விடை தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்பியவர்கள் உண்டு. நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது. அன்று ஆய்வகத்தில் இருந்த ஊசலைப் பற்றி மட்டும் நான் எதுவும் தெரிந்துகொள்ளவில்லை. அந்த வருத்தம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

தேக்காவில் வாங்கிய நூல்

சோதனையை வீவக வீட்டின் கதவு நிலையிலேயே செய்யலாம். தேக்காவிலோ கேம்பல் லேனிலோ பூக்கடைக்காரரிடம் மாலை கட்டும் நூல் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோகக் குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். தொங்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை உள்ளதுதான் ஊசலின் நீளம். பத்துப் பாகைக்குள் பக்கவாட்டில் இழுத்து விடுங்கள். முப்பது பாகை வரை இழுத்தால் அலைவு நேரம், அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம், 1.7 விழுக்காடு கூடிவிடும்; பத்துப் பாகைக்குள் அந்தப் பிழை 0.2 விழுக்காட்டைத் தாண்டாது.

ஒரே ஒரு அலைவை அளக்காதீர்கள். ஸ்டாப்வாட்ச் பொத்தானை அழுத்தும் விரல் ஐந்தில் ஒரு நொடி வரை முன்பின் ஆகலாம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் அந்தப் பிழை முழுவதும் அதன் தலையில் விழும். இருபது அலைவுகளை அளந்து இருபதால் வகுத்தால், ஓர் அலைவுக்கு நூறில் ஒரு நொடிதான் பிழை.

சிங்கப்பூரில் கவனமாகச் செய்தால் கிடைக்க வேண்டிய அளவுகள் இவை. நீளம் 30 செ.மீ. என்றால் இருபது அலைவுகளுக்கு 22.0 நொடி, 45 செ.மீ.க்கு 27.0, 60க்கு 31.1, 75க்கு 34.8, 90க்கு 38.1. நீளம் மும்மடங்கானபோது நேரம் மும்மடங்காகவில்லை. இரு மடங்குகூட ஆகவில்லை. நீளத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் வளைகோடு ஒன்று வரும். அது எந்த வளைவு? பரவளையமா, வட்டத்தின் துண்டா, வேறேதாவதா? கண்ணால் சொல்ல முடியாது. வளைவுகளை இனம்பிரிக்கும் திறமை நம் கண்ணுக்குக் குறைவு. ஆனால் ஒரு கோடு நேராக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் கண்ணை மிஞ்ச ஆளில்லை. சுவரில் சற்றே சாய்ந்த படச்சட்டம் வீட்டுக்குள் நுழைந்ததும் உறுத்துகிறதல்லவா?

இந்தத் திறமைக்கு வேலை கொடுக்கத்தான் அலைவு நேரத்தை வர்க்கப்படுத்துகிறோம். ஓர் அலைவுக்கு 1.10 நொடி என்றால் வர்க்கம் 1.21. மற்றவை முறையே 1.82, 2.42, 3.03, 3.63. இப்போது நீளத்துக்கு எதிரே இந்த வர்க்கங்களை வைத்தால் புள்ளிகள் நேர்கோட்டில் அணிவகுக்கின்றன. அலைவு நேரத்தின் வர்க்கம் நீளத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்ற விதியைக் கண்ணே சொல்லிவிடுகிறது. எந்த அச்சில் எதை வைப்பது என்று முடிவெடுத்த கணத்திலேயே சோதனையின் பாதி அறிவு வேலை செய்துவிடுகிறது.

தாளைத் திறந்ததும்

முதல் வேலை அளவுத்திட்டம். கிடை அச்சில் இரண்டு சென்டிமீட்டருக்கு 0.1 மீட்டர், செங்குத்து அச்சில் இரண்டு சென்டிமீட்டருக்கு 0.5 என்று வைத்தால் நம் எண்கள் அழகாக அமரும். ஒன்று, இரண்டு, ஐந்து, அவற்றின் பத்து மடங்குகள். அளவுத்திட்டத்துக்கு இவை போதும். பத்துச் சிறு கட்டங்கள் கொண்ட ஒரு பெரிய கட்டத்துக்கு மூன்று அலகு என்று வைத்துப் பாருங்கள். ஒரு சிறு கட்டம் 0.3 ஆகிவிடும். 1.82ஐ எங்கே வைப்பது? ஒவ்வொரு புள்ளிக்கும் மனக்கணக்கு போட வேண்டியிருக்கும். ஐந்தில் ஒன்றாவது தவறும். தேர்வு திருத்துபவர் இத்தகைய அளவுத்திட்டத்துக்கு மதிப்பெண் குறைப்பதற்கு இதுவே காரணம்.

புள்ளிகள் தாளின் பாதிக்கு மேல் பரவ வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அரை மில்லிமீட்டருக்குக் கீழே நம் பென்சிலும் கண்ணும் இறங்க முடியாது. வரைபடம் தாளின் மூலையில் சிறுத்துக் கிடந்தால், அந்த அரை மில்லிமீட்டர் பெரிய பிழையாகிவிடும். ஊசலை அவ்வளவு கவனமாக அளந்துவிட்டு, அந்தத் துல்லியத்தைத் தாளில் தொலைப்பானேன்?

அச்சின் பெயரில் ‘நீளம் / மீ’ என்று சாய்கோடு போட்டு எழுதும் வழக்கம் இங்குள்ள பாடநூல்களில் இருக்கிறது. அது வெறும் அலங்காரக் கோடல்ல, வகுத்தல் குறி. 0.30 மீட்டர் என்ற நீளத்தை மீட்டரால் வகுத்தால் மிஞ்சுவது 0.30 என்ற வெறும் எண். அச்சில் நாம் குறிப்பது அந்த எண்ணைத்தான். தமிழ்நாட்டு மாணவர்கள் தாளின் வலது மேல் மூலையில் அளவுத்திட்டத்தைத் தனியாக எழுதுவார்கள். முறை எதுவானாலும், வரைந்தவர் அருகில் இல்லாதபோதும் தாள் தானே பேச வேண்டும்.

புள்ளியைக் கூரான பென்சிலால் சிறு பெருக்கல் குறியாகவோ, வட்டத்துக்குள் நுண்ணிய புள்ளியாகவோ வையுங்கள். மொத்தையாக வைத்த புள்ளி ஒரு சிறு கட்டத்தையே விழுங்கிவிடும். பெருக்கல் குறியில் இரு கோடுகள் வெட்டும் இடம் ஐயமின்றித் தெரியும். மேலே கோடு வரைந்த பிறகும் அது மறையாது.

கோடு ஒரு தீர்ப்பு

இனிதான் சோதனையின் நெஞ்சம். புள்ளிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைத்து மலைத்தொடர் போல வரைவது பலரும் செய்யும் தவறு. அப்படி வரைந்தால், ஊசல் ஒவ்வோர் அளவுக்கும் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது என்று நாம் சொல்வதாக ஆகும். இயற்கை அப்படித் துள்ளவில்லை. துள்ளியது நம் விரல். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும் இணைப்பதும் நியாயமல்ல. நடுவில் உள்ள மூன்று அளவுகளுக்காகப் பட்ட பாட்டைக் குப்பையில் போடுவதாகும் அது.

பொருத்தக் கோடு என்பது எல்லாப் புள்ளிகளையும் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு. ஊடே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து மெல்ல நகர்த்துங்கள். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் புள்ளிகள் ஏறக்குறையச் சமமாக விலகியிருக்க வேண்டும். அந்தச் சமன் கோட்டின் முழு நீளத்திலும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லாம் மேலே, முடிவில் எல்லாம் கீழே என்றால் கோட்டின் சாய்வு தவறு. இரு முனைகளிலும் மேலே, நடுவில் கீழே என்றால் அங்கே நேர்கோடே இல்லை. வளைவு ஒன்று ஒளிந்திருக்கிறது. கோடு ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் போனாலும் குற்றமில்லை.

இந்த முறைக்கு மரியாதை தேடித் தந்தவர்களில் ஒருவர் ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல். ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்களின் பாதையைக் கண்டுபிடிக்க, 1833இல் வெளியான கட்டுரையில் அவர் கட்டமிட்ட தாளைப் பயன்படுத்தினார். அவரிடம் இருந்த அளவுகளில் பல நம்பத்தகாதவை. கணிதச் சூத்திரத்தில் போட்டால் எல்லாம் குழம்பும். அவர் புள்ளிகளைத் தாளில் வைத்து, அவற்றின் ஊடே கையாலேயே ஒரு சீரான வளைகோட்டை வரைந்தார். ஒவ்வொரு தனி அளவையும்விட அந்தக் கோடு உண்மைக்கு அருகில் இருக்கும் என்று வாதிட்டார். பள்ளி மாணவர் பென்சிலால் கோடு போடும்போது அந்த மரபில்தான் கை வைக்கிறார்.

ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தைவிட்டு வெகுதூரம் விலகி நின்றால் அதை அழித்துவிடாதீர்கள். முதலில் அட்டவணையைப் பாருங்கள். வர்க்கம் தவறாகப் போட்டிருக்கலாம். பிறகு தாளைப் பாருங்கள். இடம் மாறி வைத்திருக்கலாம். இரண்டும் சரியென்றால் அந்த நீளத்துக்கு மட்டும் ஊசலை மறுபடி ஆட்டிப் பாருங்கள். நேரம் இல்லையென்றால், புள்ளியை வட்டமிட்டு, ‘கோட்டில் சேர்க்கவில்லை’ என்று பக்கத்தில் எழுதுங்கள். எழுதி ஒதுக்குவது நேர்மை. சத்தமில்லாமல் அழிப்பது வேறு.

சாய்வில் இருக்கிறது பூமி

கோடு கிடைத்ததும் அதன் சாய்வைக் காண வேண்டும். இங்கே இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. அட்டவணையிலிருந்து இரண்டு எண்களை எடுத்துக் கழிப்பது முதல் தவறு. அப்படிச் செய்தால் கோடு வரைந்ததே வீண். கோட்டின் மீதுள்ள இரண்டு இடங்களைத்தான் படிக்க வேண்டும்.

சின்னஞ்சிறு முக்கோணம் போடுவது இரண்டாவது தவறு. நீளம் 0.50க்கும் 0.60க்கும் இடையே முக்கோணம் போட்டால், செங்குத்து அச்சில் 2.02, 2.42 என்று படிப்போம். சாய்வு 4.0. படிக்கும்போது 2.42ஐ 2.44 என்று சற்றே பிசகினால் சாய்வு 4.2 ஆகிவிடும். மாறாக 0.10க்கும் 0.95க்கும் இடையே பெரிய முக்கோணம் போட்டால் 0.40, 3.83 என்று வரும். சாய்வு 4.035. இங்கும் அதே 0.02 பிசகினாலும் 4.06தான். பிசகு ஒன்றேதான், அதைத் தாங்கும் அடித்தளம்தான் வேறு. முக்கோணத்தின் சாய்பக்கம் கோட்டின் பாதியை மிஞ்ச வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பை என்ற எண்ணின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் 39.48. ஊசல் சூத்திரப்படி, அதை நம் சாய்வால் வகுத்தால் ‘ஜி’ கிடைக்கும். பெரிய முக்கோணம் தரும் விடை 9.78. சின்ன முக்கோணம் பிசகினால் 9.40. தேக்கா பூநூலின் முனையில் ஆடிய குண்டு, பூமி நம்மை இழுக்கும் முடுக்கத்தைச் சொல்லிவிட்டது.

தேய்ந்த முனையும் குறுகிய கோலும்

சூத்திரத்திலேயே எண்களைப் போட்டு ஐந்து ‘ஜி’க்களைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் ஆகாதா, வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். மிக நல்ல கேள்வி. இதற்கான விடையில்தான் வரைபடத்தின் உண்மையான பலம் தெரியும்.

மாணவர் ஒருவர் குண்டின் மையம் வரை அளக்காமல் நூலை மட்டும் அளந்துவிட்டார் என்று கொள்வோம். குண்டின் ஆரம் ஒரு சென்டிமீட்டர். 30 செ.மீ. என்று அவர் எழுதிய ஊசல் உண்மையில் 31 செ.மீ.; 90 என்று எழுதியது 91. ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் முதல் அளவு 9.47 என்று காட்டும், கடைசி 9.67. ஐந்தின் சராசரி 9.60. ஐந்தும் ஒரே பக்கம் தவறியதால் சராசரியால் எதையும் மீட்க முடியவில்லை.

அதே எண்களை வரைபடமாக்குங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே சென்டிமீட்டர் இடதுபுறம் நகர்ந்திருக்கும். கோடு தன் சாய்வை மாற்றாமல், வரிசையாக ஒதுங்கி நிற்கும் படைபோல மொத்தமாக நகர்கிறது. சாய்விலிருந்து வரும் விடை அப்போதும் 9.78. கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் செங்குத்து அச்சை 0.04இல் வெட்டும். கிடை அச்சைத் தொடும்படி அதைப் பின்னோக்கி நீட்டினால், ஆதிக்கு இடதுபுறம் 0.01 மீட்டரில் வெட்டும். மறந்துபோன அந்த ஒரு சென்டிமீட்டர் குண்டின் ஆரம் தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது! கவனமாக வரைந்தவருக்கு வரைபடம் பிழையைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. பிழை எங்கே, எவ்வளவு என்றும் காட்டுகிறது.

இதனால்தான், கோட்டை வலிந்து ஆதிப்புள்ளிக்கு இழுக்கக் கூடாது. ‘நீளம் பூஜ்ஜியமானால் நேரமும் பூஜ்ஜியம்தானே’ என்று நினைத்து இழுத்தால், சாய்வும் கெடும், பிழையின் தடயமும் அழியும். அச்சு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்காத வரைபடத்தில் இன்னொரு பொறி உண்டு. தாளின் இடது ஓரத்தில் கோடு வெட்டும் இடத்தை வெட்டுத்துண்டு என்று எழுதிவிடுவார்கள். நீளம் பூஜ்ஜியமாகும் இடம் அதுவல்ல. அப்போது கோட்டில் ஓர் இடத்தை எடுத்து, சாய்வை வைத்துக் கணக்கிட்டே வெட்டுத்துண்டைக் காண வேண்டும்.

எல்லாப் பிழையும் இப்படி மாட்டிக்கொள்ளாது. ஊசலை விட்டவுடன் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குபவர் ‘இருபது’ என்னும்போது பத்தொன்பது அலைவுகளே முடிந்திருக்கும். ‘பூஜ்ஜியம்’ என்றுதான் தொடங்க வேண்டும். இந்தத் தவறு ஒவ்வொரு நேரத்தையும் ஐந்து விழுக்காடு குறைத்துவிடும். புள்ளிகள் அழகான நேர்கோட்டில் நிற்கும். ஆதிப்புள்ளி வழியாகவே செல்லும். ஒரு குறையும் தெரியாது. ஆனால் விடை 10.84!

துணிக்கடையை நினைத்துப் பாருங்கள். அளவுகோலின் முனை ஒரு சென்டிமீட்டர் தேய்ந்திருந்தால், அரை மீட்டர் வாங்கினாலும் ஒரு மீட்டர் வாங்கினாலும் குறைவது அதே ஒரு சென்டிமீட்டர். கோலின் கோடுகளே நெருக்கமாக அச்சாகியிருந்தால், வாங்க வாங்கக் குறையும் கூடும். முதல் வகைப் பிழை வெட்டுத்துண்டில் தெரியும். இரண்டாவது வகை சாய்வுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். நேர்கோடு வந்துவிட்டது என்பதாலேயே விடை சரியாகிவிடாது.

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. விண்மீன் மண்டலங்கள் எவ்வளவு தூரத்தில் உள்ளனவோ அவ்வளவு வேகமாக விலகிச் செல்கின்றன என்பதை எட்வின் ஹபிள் 1929இல் ஒரு வரைபடத்தில் காட்டினார். சிதறிய புள்ளிகள், ஊடே ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் சாய்வு, ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு நொடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் என்றது. இன்றைய மதிப்பு 70ஐ ஒட்டியது. தூரங்களை அளந்த கோலே தவறாக இருந்து, தூரங்கள் உண்மையைவிட மிகக் குறைவாகக் கணக்கிடப்பட்டதுதான் காரணம். நேர்கோடு என்ற செய்தி உண்மை, அண்டம் விரிகிறது. சாய்வின் எண் மட்டும் ஏழு மடங்கு தவறு.

எத்தனை இலக்கம் எழுதலாம்?

இப்போது தொடக்கத்துக்கு வருவோம். பள்ளி ஊசலால் சிங்கப்பூரின் 9.78ஐயும் லண்டனின் 9.81ஐயும் பிரித்தறிய முடியுமா? இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.3 விழுக்காடு. 60 செ.மீ. நூலை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே அதில் பாதிக்கு மேல் போய்விடும். 31 நொடியில் 0.1 நொடி பிசகினால் 0.3 விழுக்காடு, வர்க்கப்படுத்தும்போது அது இரட்டிப்பாகும். ஆகவே ஒரு மாணவர் நேர்மையாக எழுதக்கூடியது 9.8தான். கணிப்பொறி காட்டும் 9.7842 என்பதில் கடைசி இலக்கங்களை ஊசல் சொல்லவில்லை. 9.81 வரவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம், 9.78 வந்தவர் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம்.

அந்த மூன்றாவது இலக்கத்தைப் பிடிக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒரு கதை உண்டு. ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்வைத்த 1819க்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1821இல், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் தலைவர் ஜான் கோல்டிங்ஹாம், லண்டனிலிருந்து வந்த நுட்பமான ஊசல் ஒன்றை ஆட்டி அளந்தார். நொடி ஊசலின் நீளம் லண்டனில் 39.139 அங்குலம் என்று ஹென்றி கேட்டர் கண்டிருந்தார். சென்னையில் கோல்டிங்ஹாமுக்குக் கிடைத்தது 39.026 அங்குலம். வேறுபாடு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதோடு விடாமல், சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், நிலநடுக்கோட்டை ஒட்டிய சிறு தீவு ஒன்றுக்கு ஊசலோடு ஒரு குழுவை அந்த வானாய்வகம் அனுப்பியது. சென்னையில் கற்ற அளவையாளர்கள் கடல் கடந்து போய் ஊசலை ஆட்டினார்கள். கடலும் காடும் தாண்டி அவர்கள் தேடிப் போனது ஒரு மில்லிமீட்டரின் பின்னங்களை.

அப்படி அளப்பவர்கள் எதிர்பார்த்த விடைக்காக அளப்பதில்லை. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன் இதற்கு இன்னொரு சாட்சி. ஒளி உலோகத்திலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுவதற்கு ஐன்ஸ்டைன் 1905இல் தந்த விளக்கத்தை அவர் நம்பவில்லை. ஆண்டுக்கணக்கில் சோதித்தார். ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிரே நிறுத்து மின்னழுத்தத்தை வரைந்தபோது புள்ளிகள் நேர்கோட்டில் நின்றன. அதன் சாய்வு பிளாங்க் மாறிலியைத் தந்தது. தமக்குப் பிடிக்காத அந்தக் கோட்டை மில்லிகன் வளைக்கவில்லை. 1916இல் அப்படியே வெளியிட்டார்.

2027 முதல் சிங்கப்பூரில் வழக்கநிலை, சாதாரண நிலைத் தேர்வுகள் இரண்டும் ஒரே சான்றிதழின்கீழ் வருகின்றன. தேர்வின் பெயர் மாறும். நூலும் குண்டும் தாளும் பென்சிலும் மாறப்போவதில்லை. வீட்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர் இருந்தால், இந்த வார இறுதியில் கதவு நிலையில் ஓர் ஊசலைத் தொங்கவிடுங்கள். ‘எவ்வளவு வந்தது?’ என்று கேட்பதற்கு முன், ‘கோடு எங்கே வெட்டுகிறது?’ என்று கேளுங்கள்.

சிராங்கூன் சாலையில் பின்தங்கிக்கொண்டிருக்கும் அந்த லண்டன் கடிகாரத்தைச் சரிசெய்வது எளிது. நொடி ஊசலின் குண்டைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் மேலே உயர்த்தினால் போதும். திருகும் முன் அந்த மூன்று மில்லிமீட்டரை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதில் இருப்பது கடிகாரத்தின் பிழையல்ல. நாம் நிற்கும் பூமியின் வடிவம்.